இருக்க ஓர் இடம்

உயிரோடிருக்கும் ஒவ்வொரு கணமும் மனிதன் எங்கேனும் ஓரிடத்தில் இருந்தே ஆக வேண்டும். இத்துணை எளிய உண்மையைச் சட்டம் மறந்துவிடலாகுமா? வீதி எல்லார்க்கும் பொது என்கிறோம். வீடுடையவர் அதில் நடக்கிறார். நடந்து முடிந்ததும் தம் கதவைத் திறந்து உள்ளே செல்கிறார். வீடற்றவருக்கோ திறப்பதற்குக் கதவே இல்லை. உண்பதும் உறங்குவதும் பிள்ளை வளர்ப்பதும் அவருக்கு வீதியிலேதான். ஆகவே, பொது இடத்தில் உறங்கலாகாது என்னும் விதி இருவருக்கும் ஒன்றேபோல் தோன்றினும், ஒருவரை மட்டுமே அது வருத்துகிறது.

இவ்வினா நம் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்ததுண்டு. 1981 ஜூலை 13 அன்று, மகாராஷ்டிர முதலமைச்சராயிருந்த ஏ.ஆர். அந்துலே, பம்பாய் நடைபாதைவாசிகள் அனைவரும் வெளியேற்றப்பட்டுச் சொந்த ஊர்களுக்கோ நகருக்கு அப்பாலோ அனுப்பப்படுவர் என அறிவித்தார். அதுவோ மழைக்காலம். வழக்காடியவர்களுள் சேலத்துக் கூலித் தொழிலாளர் ஒருவரும் இருந்தார். நிலமற்ற அவர் பிழைப்புத் தேடி 1961-இல் பம்பாய் சென்றவர். அவருடைய குடிசை இடிக்கப்பட்டது. அவர் சேலத்திற்குப் பேருந்தில் ஏற்றப்பட்டார். மனைவியும் மகள்களும் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பிச் சென்று மீண்டும் நடைபாதையிலேயே குடியேறினார். ஊர் சோறிட்டிருந்தால் அவர் அதனை விட்டுச் சென்றிருப்பாரா?

பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிசின் பெயரால் வழங்கும் அவ்வழக்கில் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பு வந்தது. அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது, தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு. முன்னறிவிப்பின்றி அகற்றுவது பொதுவிதியாகலாகாது என்றும் கூறிற்று. ஆயினும், நடைபாதையை ஆக்கிரமிக்க எவருக்கும் உரிமையில்லை என்று முடித்து, மழைக்காலம் கழியும் பொருட்டு அக்டோபர் 31 வரை தவணை அளித்தது. 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அட்டை பெற்றோருக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றபோதிலும், அதனை வெளியேற்றத்திற்கு முன்நிபந்தனையாக்கவில்லை.

நடப்பவரின் உரிமையை நாம் இகழவில்லை. நடைபாதை அடைபட்டால் குழந்தையும் முதியவரும் வண்டிகளுக்கிடையே இறங்கி நடக்க நேர்கிறது. அதுவும் உயிர்ப் பிரச்சினையே. ஆனால், நடப்பவருக்கு வழி அமைப்பது மாநகராட்சியின் கடமையென்றால், படுப்பவருக்கு இடம் அமைப்பது மட்டும் எவருடைய தயவு? ஒருவர் கூறுவதைக் கேட்பது நீதியின் முதற்படி. கேட்டு முடித்தபின், 'எங்கும் இராதே' என்பது நீதியாகாது. 'இங்கே இராதே' என்று சொல்லும் தகுதி, 'அங்கே இரு' என்று இடம் காட்டுபவருக்கே உண்டு.

வீடும் உறவுமின்றி மதீனா வந்த தோழர்களுக்கு, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே கூரையிட்ட திண்ணையொன்று இருப்பிடமாயிற்று. ஊரின் மிகப் பொதுவான இடம் அது. அங்குத் தங்கியவர்களைத் திண்ணைத் தோழர்கள் என்று வரலாறு மரியாதையுடனே அழைக்கிறது. ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்கவில்லை. அவர்களால் எவருடைய தொழுகையும் தடைப்படவுமில்லை.

இரவில் நம் பள்ளிவாசல் திண்ணையிலும் கடைத் தாழ்வாரத்திலும் ஒதுங்குவோரை எழுப்பி அனுப்புமுன், அவர் எங்கே போவார் என்ற வினாவுக்கு நாம் முதலில் விடை சொல்வோமாக.