வாதாபிக்குப் போன அடியார்

செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தெற்கே, ஒரகடம் ஆலைகளுக்கு ஆளேற்றும் பேருந்துகள் ஓடும் வட்டாரத்தில் மணிமங்கலம். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியை இங்கே முறியடித்ததைக் கூரம் செப்பேடு சொல்கிறது. தந்தை காலத்துத் தோல்விக்குப் பதிலடி. 642 வாக்கில் சாளுக்கியத் தலைநகர் வாதாபியே விழுந்தது.

படை நடத்தியவர் பரஞ்சோதி; பின்னாளில் சிறுத்தொண்டர். அவர் கதையைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழாருக்கு ஏரிக்கு அருகேயுள்ள குன்றத்தூர்தான் ஊர். தளபதி சிவனடியார் என்று தெரிந்ததும் மன்னன் பதறினானாம்: அடியாரைப் போருக்கு அனுப்பிவிட்டோமே!

துகளான நகரத்துக்காக அவன் பதறவில்லை.

பகையும் ஓயவில்லை. எட்டாம் நூற்றாண்டில் பல்லவத் தலைநகர் காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கைலாசநாதர் கோயில் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்ததாக அங்கேயே கன்னடத்தில் கல்வெட்டு பொறித்தான். சில ஆண்டுகளில் சாளுக்கியரை இராஷ்டிரகூடர் வீழ்த்தினர். பல்லவ நாடு அடுத்த நூற்றாண்டின் இறுதியில் சோழரிடம் போயிற்று.