யாருக்காக இந்தப் பிரயாணம்?

போன மாதம் ஆராதனை முடிந்ததும் நம் சபையின் வாலிபப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. "அங்கிள், ரெண்டு வாரம் லீவு இருக்கு. கம்போடியாவுல ஒரு அநாதை இல்லத்துல போய் பிள்ளைகளைப் பார்த்துக்கப் போறேன். ஜெபிச்சுக்கோங்க" என்றாள். அதற்கு ஒரு டிராவல் கம்பெனிக்குப் பணமும் கட்ட வேண்டுமாம். ஆமென் சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை.

ஏன் தெரியுமா? நானும் அப்படிப் போனவன்தான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஜனவரியில் நாலு நாள் லீவு போட்டு, வேன் நிறையப் பழைய துணிகளோடு நாகப்பட்டினம் போனோம். எங்களுக்கு முன் வந்தவர்கள் கொடுத்த துணிகளே ரோட்டோரம் குவியல் குவியலாக மண்ணிலும் ஈரத்திலும் கிடந்தன. கடலில் உழைத்துச் சாப்பிட்ட ஜனங்கள் பிறர் உடுத்திக் கழித்ததை உடுத்துவார்களா? ஒரு அம்மா கேட்டார்கள்: "துணி கிடக்குது தம்பி. கட்டுமரம் போச்சு, வலை போச்சு. அதுக்கு ஏதாச்சும் வழி உண்டா?" என்னிடம் பதில் இல்லை. துணியை இறக்கினோம், போட்டோ எடுத்தோம், திரும்பினோம். அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி வேறு சொன்னேன்! அந்த அம்மா கேட்டதை மட்டும் சொல்லவில்லை. இன்றைக்கும் அது என்னைக் குத்துகிறது.

கம்போடியாவுக்கு வருவோம். 2005 முதல் 2010 வரை, ஐந்தே வருஷத்தில், அங்கே அநாதை இல்லங்கள் 75 சதவீதம் பெருகின. அந்த வருஷங்களில் யுத்தமா நடந்தது? இல்லையே! இல்லங்களில் இருந்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்ததாக 2011ல் அந்நாட்டு அரசும் யுனிசெஃபும் செய்த ஆய்வு சொன்னது. வறுமை ஒரு காரணம். "படிக்க வைப்பாங்க" என்ற ஆசை ஒரு காரணம். இன்னொரு காரணம், இரக்கத்தோடு வந்து இறங்கும் வெளிநாட்டார். அவர்கள் காசு கொடுக்கிறார்கள். காசு வர வேண்டுமானால் இல்லத்தில் பிள்ளைகள் இருக்க வேண்டுமே! பதினைந்து நாளுக்கொருமுறை புது அக்கா வந்து கட்டிப்பிடித்து, அழுது, விமானம் ஏறிவிடுகிறாள். அந்தப் பிள்ளை எத்தனை தரம்தான் விடை கொடுக்கும்?

இதையெல்லாம் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ யாருமே போகக் கூடாதா? வீட்ல உக்காந்து டிவி பாக்கறதா? நான் போனா என் மனசாவது மாறும்ல அங்கிள்?"

நியாயமான கேள்வி. மனம் மாறும், சந்தேகமில்லை. ஆனால் என் மனம் உருகுவதற்கு ஒரு குழந்தையைக் கருவியாக்க எனக்கு உரிமை உண்டா? நல்ல சமாரியனைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! காயம் கட்டியது அவன்தான். புறப்படும்போதோ, பணத்தைச் சத்திரக்காரன் கையில் கொடுத்துப் பொறுப்பை ஒப்படைத்துப் போனான். கூடவே இருந்து பார்க்க வேண்டியவன் சத்திரக்காரன். அவனைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

"நம்ம ஊர்லயே பார்வையில்லாத காலேஜ் பிள்ளைங்க பரீட்சை எழுத ஆள் கிடைக்காம தவிக்கிறாங்கம்மா. லீவை அப்படிப் போடேன்" என்றேன். முகம் வாடிப் போனாள்.

மூன்று வாரம் கழித்து வந்தாள். இரண்டு பரீட்சை எழுதிக் கொடுத்தாளாம். "ரொம்பக் கஷ்டம் அங்கிள். ஒரு கேள்விக்குச் சரியான பதில் எனக்குத் தெரியும். அந்தத் தம்பி தப்பாச் சொல்றான். அவன் சொன்னதைத்தானே நான் எழுதணும்? எழுதிட்டேன்" என்றாள்.