பூ உதிர்ந்த பிறகு

வீட்டுக்குள் வளர்க்கும் செடிக்கு நாம் கடமைப்பட்டவர்களா? செடிக்கு வலி தெரியாது, ஆகவே கடமையும் கிடையாது என்பது வலுவான வாதம். உணரும் திறன் முடிகிற இடத்தில் அறத்தின் எல்லையும் முடிகிறது என்பதே தத்துவவாதி பீட்டர் சிங்கரின் நிலைப்பாடு. ஆனால் ஓர் உயிர் என்ன உணர்கிறது என்பதிலிருந்து மட்டும் கடமை பிறப்பதில்லை. அந்த உயிரை நாம் எந்த நிலையில் கொண்டுவந்து வைத்தோம் என்பதிலிருந்தும் பிறக்கிறது என்பது என் துணிபு. ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிடையே பாருங்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் காடுகளில் இந்த இனம் மரக்கிளைகளைப் பற்றி வாழ்கிறது. வேரைச் சுற்றிய பஞ்சு போன்ற படலம் மழையை உறிஞ்சும். மழை விட்டதும் காற்றில் உலரும். வெயில் இலைகளினூடே வடிந்து வரும். இரவு சற்றே குளிரும் பருவத்தில் பூந்தண்டு எழும். வீட்டில் மரம், மழை, காற்று எல்லாம் செய்த வேலை ஒரே மனிதரின் கைக்கு வந்துவிடுகிறது. செடி எதையும் கேட்கவில்லைதான். ஆனால் தனக்கு வேண்டியதை வேறெங்கும் பெற முடியாத இடத்தில் அதை வைத்தவர்கள் நாம்.

அதன் பூ இரண்டு மூன்று மாதம் வாடாமல் நிற்பதுதான் இந்தச் செடியை நாம் விரும்பி வாங்கக் காரணம். மகரந்தம் சேர்ந்துவிட்டால் அதே பூ சில நாட்களில் சுருங்கிவிடும். தேனீ நுழையாத அறையில் பூவின் வேலை முடிவதே இல்லை; அதனால்தான் நமக்கு இத்தனை நாள் காட்சி. இதைச் செடியின் ஏக்கம் என்று சொல்லமாட்டேன், ஏங்குவதற்கு அதற்கு மனம் இருப்பதாகச் சான்றில்லை. ஆனாலும் நம் மகிழ்ச்சி அதன் இயல்பு தடைபட்டதால் கிடைத்தது என்பது உயிரியல் உண்மை.

கடையில் விற்கும் கலப்பினங்கள் பெரும்பாலும் ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் பெருக்கப்பட்டவை, எந்தக் காட்டிலிருந்தும் பறித்தவை அல்ல, எனவே கடன் ஏது என்று கேட்கலாம். கடன் கூடுகிறது என்றே எனக்குப் படுகிறது. பறித்த செடிக்காவது திரும்பிச் செல்ல ஒரு காடு உண்டு. இதற்கு நம் ஜன்னலோரம் மட்டுமே. வலி இல்லையே என்ற தொடக்க மறுப்பும் பழைய சிந்தனைகளின் முன் தளர்கிறது. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என வகுத்தது. உண்டு வளரும், இனம் பெருக்கும் ஆன்மா தாவரத்துக்கு உண்டென்றார் அரிஸ்டாட்டில். இரண்டு பார்வையிலும் செடி வெறும் பொருளல்ல. அதற்கென ஒரு நலமும் கேடும் இருக்கின்றன. 2008இல் சுவிட்சர்லாந்து அரசின் அறநெறிக் குழுவும், தக்க காரணமின்றித் தாவரத்துக்குக் கேடு செய்வது தகாது என்று ஒருமனதாகச் சொன்னது.

செடியிடம் பாசம் இருந்தால் போதாதா? போதாது. தினமும் தண்ணீர் ஊற்றி வேரை அழுகவைப்பது பெரும்பாலும் பாசம்தான். தொட்டியிலுள்ள கலவை எப்போது உலர்கிறது, வேர் பச்சையிலிருந்து வெள்ளிநிறத்துக்கு எப்போது மாறுகிறது என்று கவனித்து, அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதே அந்த உயிருக்குத் தரும் மரியாதை. பூ உதிர்ந்ததும் செடி முடிந்தது என்று குப்பையில் போடுவது இதற்கு நேர் எதிரான செயல். இலையும் வேரும் உறுதியாக இருந்தால் அது அடுத்த பூந்தண்டுக்காக மாதக்கணக்கில் உணவு சேர்த்துக்கொண்டிருக்கிறது. பூவில்லாத அந்த மாதங்களில் பார்த்துக்கொள்ள இயலாதவர், இயன்ற ஒருவரிடம் செடியை ஒப்படைத்துவிடலாம். அல்லது வாங்காமலே இருக்கலாம்.