நலம் கேட்பதும் உடன் நடப்பதும்

நோயுற்றவரைக் காணச் செல்வது நம் சமுதாயத்தில் வெறும் மரியாதையன்று, கடமை. ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்யவேண்டியவற்றை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னபோது, சலாமுக்குப் பதில் உரைப்பதோடும் ஜனாஸாவைப் பின்தொடர்வதோடும் நோயாளியை நலம் விசாரிப்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அக்கடமையை நம்மவர் பெரும்பாலும் வழுவாமல் செய்கிறார்கள். ஒருவருக்கு நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டால் மாலைக்குள் தெருவே திரண்டுவிடும். ஆப்பிளும் சாத்துக்குடியும் திண்ணையில் குவியும். வந்தவர் பெருமூச்சு விடுவார். தமக்குத் தெரிந்த இன்னொருவர் இதே நோயில் போய்ச் சேர்ந்த கதையைச் சொல்வார். துஆ செய்துவிட்டு எழுந்து போவார்.

இவையெல்லாம் முதல் பதினைந்து நாள்களுக்கு. அதற்குப் பின்? கடமை அத்துடன் முடிந்துவிட்டதா? உயிர் பிழைத்துவிட்ட நோயாளிக்கு நாம் கொடுக்கவேண்டியது ஏதேனும் மிச்சமிருக்கிறதா? இக்கேள்வியைத்தான் இங்கே ஆராய விழைகிறோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாள்களைவிட மணல் கிடக்கும் நாள்களே மிகுதி. கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையேல் பருத்தியும் சோளமும். அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேல விறகும் கரிமூட்டமும். அருப்புக்கோட்டை நகரிலோ தறியின் ஓசையே பலருடைய சோறு. இத்தகைய மண்ணில் ஒரு மனிதனின் மதிப்பு அவன் உழைப்பில் இருக்கிறது. தறிக்குழியில் அமர்ந்தவன் காலால் மிதித்துக் கையால் நாடாவை ஓட்டியாகவேண்டும். கை ஓய்ந்தால் வீட்டில் அவன் குரலும் ஓய்ந்துவிடுகிறது.

ஐம்பத்தைந்து வயது நெசவாளி ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். மதுரையில் நெஞ்சைத் திறந்து அறுவை செய்து, காலிலிருந்து எடுத்த இரத்தக் குழாயை இதயத்தில் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். பிளந்த மார்பெலும்பு கூடுவதற்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை ஆகும். அதுவரை பளு தூக்கலாகாது. ஆனால் நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி நடக்கவேண்டும். இது மருத்துவர் சொன்னது. வீட்டார் சொல்வதோ, “அசையாதீங்க அத்தா, நாங்க பார்த்துக்கிறோம்” என்பது. அன்பினால் சொல்வதுதான், மறுப்பதற்கில்லை. ஆயினும் மூன்று மாதம் முப்பது மாதமாகிறது. கடன் கொடுத்தவர் வந்தால் மகன் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுகிறான். கல்யாண வீட்டு அழைப்பு மற்றவர்களுக்கு வருகிறது. மகளுக்கு வரன் வந்தால், “அத்தா காதில் போடவேண்டாம்” என்று அடுப்படியில் முடிவாகிறது. அவரும் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுத் தழும்பை மறைக்கிறார்; தகப்பனுக்கு இதய நோய் என்று தெரிந்தால் சம்பந்தம் தட்டிப்போகுமே என்ற அச்சம். நள்ளிரவில் நெஞ்சில் ஒரு சுருக்கென்றால் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை. மூச்சு இருக்கிறது, ஆனால் குடும்பக் கணக்கில் அவர் இல்லை. இப்படி ஒருவர் இல்லாத தெரு இன்று அரிது.

அசையாதிருப்பதே மருந்து என்று ஒரு காலத்தில் மருத்துவர்களும் நம்பியவர்கள்தாம். மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கையிலேயே கிடத்தினார்கள். 1952-ஆம் ஆண்டில் சாமுவேல் லெவின், பெர்னார்டு லௌன் என்னும் இரு மருத்துவர்கள், அத்தகையோரை நாற்காலியில் உட்காரவைப்பதே நலம் என்று எழுதியபோது அது துணிச்சலான செயலாகக் கருதப்பட்டது. 1955-இல் அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. நடையையும் சைக்கிளையும் ஓயாது வலியுறுத்திய பால் டட்லி ஒயிட் அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஒருவர். மறு ஆண்டே ஐசனோவர் தேர்தலில் நின்று வென்றார். நம் நாட்டிலும் 1975-இல் சென்னை பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இதய மாற்றுவழி அறுவையைச் செய்துகாட்டிய பின்னர், பிழைத்து வீடு திரும்புவோர் தொகை பெருகியது. பிழைக்கவைக்கும் கலையை மருத்துவம் கற்றுக்கொண்டது. பிழைத்தவரோடு வாழும் கலையை நாம் கற்றோமா?

1951-ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில் நடந்த ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. டுவைட் ஆர்கன் என்னும் அறுவை மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் இதயத்திலும் அதைச் சுற்றியும் தைத்திருந்த உலோகத் துண்டுகளை எடுத்துப் புகழ் பெற்றவர். அவரிடம் இதய அறுவை செய்துகொண்ட நால்வர் மருத்துவமனையில் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினர். தமக்கு அறுவைக்கு முன் இருந்த திகிலையும் பின் இருந்த வலியையும் பகிர்ந்துகொண்டனர். இனி அறுவைக்கு வருபவரிடம் நாமே சென்று பேசினால் என்ன என்று எண்ணினர். அவ்வாறு பிறந்த ‘செப்பனிடப்பட்ட இதயங்கள்’ என்னும் பொருள்படும் பெயர் கொண்ட சங்கம் இன்றும் அந்நாடெங்கும் இயங்குகிறது. உயிரோடிருப்பதும் பிறருக்கு உதவுவதும் ஒரே மகிழ்ச்சியின் இரு பாதிகள் என்பது அதன் கொள்கை.

அந்த நால்வர் செய்ததற்கும் நாம் பழப் பையோடு செல்வதற்கும் உள்ள வேற்றுமையை உற்று நோக்கவேண்டும். நாம் செல்லும்போது ஒருவர் கொடுப்பவர், மற்றவர் வாங்குபவர். எத்தனை அன்போடு சென்றாலும் நாம் நிற்கிறோம், அவர் கிடக்கிறார். நோயுற்றவர்கள் தமக்குள் கூடும்போதோ இருவரும் கொடுப்பவர், இருவரும் வாங்குபவர். “எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆறாம் வாரம் சரியாயிற்று” என்ற சொல்லை எந்த நலமுள்ளவனாலும் சொல்ல இயலாது. அதைச் சொல்லும் தகுதி தழும்புக்கே உண்டு. மறைக்கவேண்டிய அவமானமாக இருந்த தழும்பு அங்கே பிறருக்குப் பயன்படும் பொருளாகிவிடுகிறது.

நடைக்கும் இதே நியாயம். எவ்வளவு விரைவாக நடக்கலாம் என்று கேட்கும் இதய நோயாளிக்கு மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல் ஒன்று உண்டு: பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று பார். பேச்சு தடைபட்டால் வேகத்தைக் குறை; நெஞ்சு வலித்தால் நின்று மருத்துவ உதவியை நாடு. தனியே நடப்பவன் யாரோடு பேசுவான்? இந்த மருத்துவத்தில் அளக்கும் கருவியே உடன் வரும் தோழன்தான். சுபுஹுத் தொழுகை முடிந்து வெயில் ஏறுமுன் கண்மாய்க் கரையில் நாலு பேர் பேசிக்கொண்டே நடப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுக்கும் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தை 2023-இல் தமிழக அரசு தொடங்கிற்று. பாதையை அரசு வகுக்கலாம். துணையை நாம்தான் தரவேண்டும்.

நடையோடு நின்றுவிடவும் வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை சேர்ந்து பேருந்தேறி ஓர் ஊருக்குப் போய்வருவதும், ஒரு கல்யாணத்துக்குச் சேர்ந்தே செல்வதும் சிறிய செயல்களல்ல. விருந்தில் தனி ஒருவன் உப்பையும் கொழுப்பையும் ஒதுக்கினால் அவன் நோயாளி. ஆறு பேர் சேர்ந்து ஒதுக்கினால் அது ஒரு பழக்கம். நம் பெண்மக்களையும் மறக்கலாகாது. தம் நெஞ்சுவலியை வாய்வு என்று சொல்லி மறைத்துக்கொண்டு பிறருக்கு ஆக்கிப் போடும் தாய்மார்களுக்கு இத்துணை இன்னும் மிகுதியாகத் தேவை. நோயோ சமயம் பார்த்து வருவதில்லை. தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் அவன் வீடு தேடிச் சென்றார்கள் என்பதை நாம் அறிவோம். ஆகவே அந்தக் கண்மாய்க் கரையில் எல்லாத் தெருவினரும் சேர்ந்து நடக்கலாம்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாகவேண்டும். மாரடைப்புக்குப் பின் மனச்சோர்வில் வீழ்ந்தவர்கள் மற்றவரைவிட மிகுதியாக இறந்தனர் என்று, 222 நோயாளிகளை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியான மான்ட்ரியல் ஆய்வு காட்டிற்று. அப்படியானால் சோர்வை நீக்கித் துணையைக் கூட்டினால் ஆயுள் நீளுமா? மனச்சோர்வோ துணையின்மையோ உள்ள 2,481 நோயாளிகளிடம் அமெரிக்காவில் இது சோதிக்கப்பட்டு, 2003-இல் முடிவு வெளியாயிற்று. உளவழி ஆலோசனை பெற்றவர்களின் சோர்வு குறைந்தது, துணையும் கூடிற்று. ஆனால் மரணமும் மறு மாரடைப்பும் குறையவில்லை. முறையான நடைப்பயிற்சி இதய நோய் மரணத்தைக் குறைக்கிறது என்பது தெளிவு. மன ஆறுதல் ஒன்றே அதைச் செய்யும் என்று சொல்வதற்கில்லை.

இது நம் வாதத்தை முறித்துவிடுகிறதா? இல்லை, தெளிவாக்குகிறது. நோயாளியைக் காணச் செல்லுங்கள் என்பது, சென்றால் அவர் ஆயுள் நீளும் என்பதற்காக விதிக்கப்பட்டதன்று. பிழைக்கமாட்டார் என்று தெரிந்தவரையும் காணச் செல்கிறோம். ஹயாத்தின் அளவு நம் கையில் இல்லை. அந்த அளவுக்குள் ஒரு மனிதன் மனிதனாக இருக்கிறானா, ஒரு மூலையில் வைத்த பொருளாக இருக்கிறானா என்பது நம் கையில் இருக்கிறது. தோழமை மாத்திரையன்று, பலித்தால் கொடுப்பது, பலிக்காவிட்டால் நிறுத்துவது என்பதற்கு. அது அவருடைய உரிமை. மாத்திரையும் வேண்டும், மருத்துவரும் வேண்டும். அவை இருப்பதனால் இந்த உரிமை இல்லாமற் போய்விடாது.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். நோயாளிகள் கூடினால் அவர்களுள் ஒருவர் மவுத்தாகும்போது மற்றவர் உள்ளம் உடைந்துவிடாதா? உடையத்தான் செய்யும். மறுநாள் கண்மாய்க் கரையில் ஒருவர் இடம் வெறுமையாக இருக்கும். ஆனால் அந்த வெறுமையை உணர நாலு பேர் இருந்தார்கள் என்பதே, அவர் கடைசி நாள்களில் ஒருவராக எண்ணப்பட்டிருந்தார் என்பதற்குச் சாட்சி. மூலையில் கிடந்து மறைந்தவருக்கு அந்தச் சாட்சியும் இல்லை.

ஆகவே வீட்டாருக்குச் சொல்வோம்: அத்தாவின் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள்; மகளின் வரனைப் பற்றி அவர் கருத்தையும் கேளுங்கள். ஊராருக்குச் சொல்வோம்: பதினைந்தாம் நாளோடு உங்கள் கடமை முடிவதில்லை. மருத்துவர் நடக்கலாம் என்று சொல்லிவிட்டாரா? அடுத்த முறை பழம் வாங்காமற் போனாலும் குற்றமில்லை. விடியலில் போய், அவர் செருப்பு மாட்டும்வரை வாசலில் காத்திருங்கள். திரும்பி வரும்போது, “நாளைக்கும் நீங்கள் வந்தால்தான் நான் நடப்பேன்” என்று சொல்லிவிட்டு வாருங்கள். அவர் கேட்டு நெடுநாளாகியிருக்கும் சொல் அதுதான்.