ஈவோர் கடன்

நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட செயல் தீமையாய் முடியுமாயின், அத்தீமைக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யாவர்? அறவியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினா, இரண்டாம் உலகப் போரின் பின் சர்வதேச நிறுவனங்கள் கிராமிய நலத்துறையில் ஈடுபடத் தொடங்கியதிலிருந்து புதியதொரு கனத்தைப் பெற்றுள்ளது. ஈவோர் தொலைவில் இருக்க, ஏற்போர் வினாவெழுப்பும் வாய்ப்பற்றவராய் இருப்பதே இதற்குக் காரணமாகும்.

வங்காளதேசத்துக் குழாய்க் கிணறுகள் இதற்குத் தக்க சான்றாகும். குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகிய அந்நாட்டுக் கிராமங்களில் வாந்திபேதியும் வயிற்றோட்டமும் குழந்தைகளைப் பலிகொண்டன. இந்நிலையை மாற்றக் கருதி, 1970களில் யுனிசெப் நிறுவனம் அரசுடன் சேர்ந்து குழாய்க் கிணறுகளைப் பரப்பியது. அவற்றின் பயனைக் கண்ட மக்கள் தம் செலவிலும் இலட்சக்கணக்கான கிணறுகளை அமைத்துக்கொண்டனர். ஆனால், நோய்க்கிருமிகளுக்கு அஞ்சித் தேடிய அந்நிலத்தடி நீரிற் பல இடங்களில் ஆசனிக்கு என்னும் நஞ்சு இயற்கையாகவே கலந்திருந்தது. நிறமோ மணமோ சுவையோ காட்டாத அந்நஞ்சு, பல்லாண்டு பருகிய பின்னரே தோற் புள்ளிகளாகவும் புற்றுநோயாகவும் வெளிப்படுவது. 1993இல் அந்நாட்டுக் கிணறுகளில் அது இருப்பது உறுதியாயிற்று. 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார தாபனத்தின் சஞ்சிகையில் வெளியான கட்டுரையொன்று, 12.5 கோடி மக்களுள் 3.5 கோடி முதல் 7.7 கோடிப் பேர்வரை ஆபத்துக்கு உள்ளாகியிருக்கலாம் எனக் கணித்தது.

1970களில் குடிநீரில் ஆசனிக்கைச் சோதிக்கும் வழக்கம் இருக்கவில்லை என்பது நிறுவனத்தார் தரப்பு நியாயம். நல்லெண்ணம் ஒன்றே நிபந்தனையின்றி நன்றெனப்படத்தக்கது என்ற காண்டின் கொள்கையும் அவர்களுக்குத் துணைநிற்கும். தொடக்க காலத்தைப் பொறுத்தவரை இந்நியாயம் ஏற்கத்தக்கதே. எனினும், அயலிலுள்ள மேற்கு வங்காளத்தில் 1980களின் தொடக்கத்திலேயே இந்நோயாளர் இனங்காணப்பட்டனர். அதன் பின்னரும் 1992இல் வெளிவந்த பிரித்தானிய நிலவியல் ஆய்வறிக்கையொன்று வங்காளதேச நீரில் வேறு பல மூலகங்களைச் சோதித்தும் ஆசனிக்கைச் சோதிக்கவில்லை. அது தொடர்பாகக் கிராமவாசி ஒருவர் தொடுத்த வழக்கில், அவர்பால் ஆய்வாளருக்குச் சட்டபூர்வமான கடப்பாடு இல்லையெனப் பிரித்தானியப் பிரபுக்கள் சபை 2006இல் தீர்ப்பளித்தது.

சட்டம் முடியுமிடத்தில் அறமும் முடிந்துவிடுவதில்லை. அறியாமை வேறு; அறிய முயலாமை வேறு. முன்னது மன்னிக்கத்தக்கது, பின்னது அத்தகையதன்று. கிராமத்துத் தாய் குளத்து நீரின் கலங்கலைத் தன் கண்ணாற் காணக்கூடியவள். தெளிந்த நீரிலுள்ள நஞ்சைக் காணும் கருவி அவளிடம் இல்லை. அவள் பருகியது நீரை மட்டுமன்று, அந்நீர் தூயதென்று கூறியவர் வாக்கையுமே. நம்பிக்கையைப் பெற்றவர் அந்நம்பிக்கைக்குரிய காவலையும் ஏற்றல் வேண்டும்.

இத்துணைப் பாரத்தைச் சுமத்தினால் எவரும் உதவ முன்வாரார் என்பாருமுளர். கிணறுகளே தோண்டப்படாதிருந்தால் குழந்தைகள் தொடர்ந்து மாண்டிருப்பர் என்பதும் உண்மையே. ஆதலால் ஈதலைக் கைவிடுதல் இதற்குப் பரிகாரமாகாது. ஈந்தபின்னும் கண்காணித்தலே பரிகாரம். பிற்காலத்தில் கிணறுகளைச் சோதித்து, நஞ்சுள்ளவற்றுக்குச் சிவப்பும் ஏனையவற்றுக்குப் பச்சையும் பூசினர். அச்சோதனை தொடக்கம் முதலே ஈகையின் பகுதியாய் இருந்திருக்க வேண்டியது.

நன்மை செய்யுமிடத்தும், ஏற்பவரின் இயல்பறியாது செய்யின் தவறு நேரும் என்றார் வள்ளுவர். மாந்தரின் இயல்புபற்றிய அக்கருத்து அவர் வாழும் மண்ணின் இயல்புக்கும் பொருந்தும். ஏற்போர் தாமே சோதித்தறிய இயலாதவற்றை அவர்பொருட்டுச் சோதித்தறிதல் ஈவோர் கடனாகும்.