பார்க்காததைத் தேடுகிறார்கள், பார்த்ததாகச் சொல்லவில்லை

 



நம் வாட்ஸ்அப் குழுமங்களில் ஒரு செய்தி வந்துகொண்டே இருக்கிறது. விஞ்ஞானிகள் ‘டார்க் மேட்டர்’ என்ற கரும்பொருளைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், அதுதான் ஜின்னாம், குர்ஆன் அன்றே சொல்லிவிட்டதாம். கீழே ‘மாஷா அல்லாஹ், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்று ஒரு வரி. உங்களில் பலர் அனுப்பியும் இருப்பீர்கள். நல்ல நிய்யத்தோடுதான் அனுப்பியிருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதில் உள்ளது உண்மையா என்று பார்க்க வேண்டுமல்லவா?

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். சூரியனுக்கு அருகிலுள்ள புதன் வேகமாகச் சுற்றுகிறது, தூரத்திலுள்ள நெப்டியூன் மெதுவாகச் சுற்றுகிறது. நட்சத்திரக் கூட்டங்களிலும் ஓரத்தில் உள்ளவை மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். வேரா ரூபின் என்ற அமெரிக்கப் பெண்மணி 1970இல் ஆண்ட்ரோமேடா கூட்டத்தை அளந்து வெளியிட்டபோது, வெளிப்பகுதியில் வேகம் அப்படிக் குறையவில்லை என்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் அவ்வளவு வேகத்தில் ஓடுபவை பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்படியானால் ஒளியே தராத, ஆனால் எடையுள்ள ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. நாம் காணும் பொருளைப்போல் அது சுமார் ஐந்து மடங்கு இருக்கும் என்பது இன்றைய கணக்கு.

அது என்ன துகளால் ஆனது? அதைத்தான் தேடுகிறார்கள். அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஹோம்ஸ்டேக் என்ற பழைய தங்கச் சுரங்கம். அதில் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில் 10 டன் திரவ செனானை ஒரு தொட்டியில் நிரப்பி வைத்திருக்கிறார்கள். ஏன் அவ்வளவு ஆழம்? வானிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்களை மேலே உள்ள பாறை தடுத்துவிடும். அந்த அமைதியில் ஒரு கரும்பொருள் துகள் செனான் அணுவின் மீது மோதினால் சிறு ஒளி மின்னும். அந்த மின்னலுக்காகக் காத்திருக்கிறார்கள். 2024இல், 280 நாட்களின் பதிவுகளை அலசி முடித்து, ‘கிடைக்கவில்லை’ என்று உலகத்திற்கு அறிவித்தார்கள். இத்தனை செலவு, இத்தனை உழைப்பு, கடைசியில் ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லும் நேர்மை! அந்த அமானிதத்தை நான் மதிக்கிறேன்.

நட்சத்திரங்களையும் விட்டுவைக்கவில்லை. கரும்பொருள் துகள்கள் சூரியனின் ஈர்ப்பில் சிக்கி அதன் மையத்தில் சேர்ந்து, ஒன்றையொன்று அழித்தால் நியூட்ரினோக்கள் வெளிப்படலாம். தென்துருவத்தில் ஒரு கன கிலோமீட்டர் பனிக்கட்டிக்குள் 5160 உணர்கருவிகளைப் புதைத்து அதற்காகவும் பார்க்கிறார்கள். அங்கும் இதுவரை இல்லை.

இன்னொரு சம்பவம் நம் பாடத்திற்கு மிக நெருக்கமானது. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் ‘டாமா’ என்ற குழுவினர், வருடந்தோறும் ஏறி இறங்கும் ஒரு சமிக்ஞையைக் காண்கிறோம், அது கரும்பொருள்தான் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். மற்றவர்கள் கைதட்டிவிட்டு உட்காரவில்லை. அதே சோடியம் அயோடைடு படிகத்தை வைத்து ஸ்பெயினிலும் கொரியாவிலும் சோதித்தார்கள். அந்த ஏற்ற இறக்கம் அங்கே தென்படவில்லை.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்ற கட்டளை ஸூரத்துல் ஹுஜுராத்தில் யாருக்கு வந்தது? நமக்கு! அறிவில்லாத ஒன்றின் பின்னால் போகாதே, செவியும் பார்வையும் இதயமும் விசாரிக்கப்படும் என்று ஸூரத்துல் இஸ்ராவில் யாருக்கு எச்சரிக்கை? நமக்குத்தான்!

ஜின்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் வஹீ மூலம் வந்தது. நெருப்பால் படைக்கப்பட்டவர்கள். வணங்கக் கடமைப்பட்டவர்கள். அவர்களில் ஈமான் கொண்டவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. நட்சத்திரக் கூட்டத்தைச் சுற்றிக் கிடக்கும் ஒரு பொருளின் எடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? உலமாக்கள் ஃகைபை இரண்டாகப் பிரிப்பார்கள். அல்லாஹ் மட்டுமே அறிந்தது ஒன்று. இன்று நமக்கு மறைவாக இருந்து, நாளை தேடினால் தெரியக்கூடியது மற்றொன்று. கரும்பொருள் இரண்டாவது வகையில் சேரும். அதைக் காட்டி முதல் வகைக்கு ஆதாரம் தேடுவது, ஈமானை ஆய்வுக்கூடத்தில் அடகு வைப்பதாகும்.

இன்றும் சில இயற்பியலாளர்கள் கரும்பொருள் என்றே ஒன்று இல்லை, ஈர்ப்பு விதியைத்தான் திருத்த வேண்டும் என்கிறார்கள். நாளை அவர்கள் சொன்னது சரியென்றானால்? கல்லூரியில் இயற்பியல் படிக்கும் உங்கள் மகன் அன்று உங்கள் ஃபார்வேர்டைச் சந்தேகிக்க மாட்டான். குர்ஆனையே சந்தேகிப்பான். ஒரு பிள்ளையின் ஈமானோடு விளையாடும் உரிமையை நமக்கு யார் தந்தது?

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டபோது, 32 கேள்விகளுக்குத் தமக்குத் தெரியாது என்றே பதிலளித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. அவர் மதீனாவின் இமாம்! உங்கள் பிள்ளை கரும்பொருளைப் பற்றிக் கேட்டால், ‘எனக்குத் தெரியாதுப்பா, நீ படித்து எனக்குச் சொல்லு’ என்று சொல்லிப் பாருங்கள். வாட்ஸ்அப் செய்தியை இன்று அஸருக்குள் அழித்துவிடுங்கள். அனுப்பிய குழுமத்தில், அது சரியான செய்தி அல்ல என்று ஒரு வரியும் போட்டுவிடுங்கள்.