பகையும் செபமும்



"சுவாமி, நாள் தவறாமல் செபமாலை சொல்கிறேன், ஆனாலும் மனதில் சமாதானமில்லை" என்று சொல்வோர் பலர் உண்டு. அவர்களுடைய பக்தியைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் ஒரு கேள்வி: நீங்கள் பேசாமலிருப்பது யாரோடு? இதற்குப் பதில் பெரும்பாலும் உடனே வந்துவிடும். அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை; அடுத்த நிலத்துக்காரரோடு வரப்புத் தகராறு; பெண் கொடுத்த இடத்தில் மனஸ்தாபம். வில்லியனூர் மாதா திருநாளுக்குக் கால்நடையாய்ப் போய்வருகிறவருக்கு, வாய்க்காலுக்கு அக்கரையிலுள்ள உடன்பிறந்தான் வீடு வெகுதூரமாய்த் தோன்றுகிறது!

பரலோக மந்திரத்தை ஒருமுறை நிதானமாய்ச் சொல்லிப் பாருங்கள். பாவமன்னிப்புக் கேட்கும் இடத்தில் நமக்கு நாமே ஓர் அளவுமரக்காலைச் சர்வேசுரனிடம் கொடுக்கிறோம். பகையை நெஞ்சில் வைத்துக்கொண்டு அதைச் சொல்கிறவன் தனக்கு விரோதமாகத் தானே மனுப் போடுகிறான். காணிக்கையோடு பீடத்தண்டை வந்தவனைக்கூட, உன்மேல் மனத்தாங்கலுள்ள சகோதரனிடம் முதலில் போ என்று திருப்பி அனுப்புகிறார் நமது ஆண்டவர். குற்றம் யார் பேரில் என்று அவர் அங்கே விசாரிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இதெல்லாம் அர்ச்சிஷ்டவர்களுக்கு ஆகும், எங்களுக்கு ஆகாது என்பீர்கள். நம் காலத்தில், நம் தேசத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

கேரளத்தில் புல்லுவழி என்னும் ஊரில் 1954-ல் பிறந்த சகோதரி ராணி மரியா, கிளாரா சபைக் கன்னியர். மத்தியப் பிரதேசத்தில் உதய்நகர் பகுதியிலே ஏழை ஆதிவாசிகளுக்காக உழைத்தார். வட்டிக்காரர் பிடியிலிருந்து அந்த ஜனங்கள் விடுபட வழிகாட்டியதால், அங்கிருந்த செல்வந்தர் சிலர் அவரைப் பகைத்தனர். அவர்களுடைய தூண்டுதலால் சமுந்தர் சிங் என்ற வாலிபன், 1995 பிப்ரவரி 25-ந் தேதி, இந்தூருக்குப் போகும் பஸ்ஸில் பிரயாணிகள் கண்ணெதிரே அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். உடலில் 54 காயங்கள்.

அவனுக்கு ஆயுள்தண்டனை கிடைத்தது. சுவாமி சதானந்தர் என்ற குருவானவர் சிறைக்குச் சென்று அவனைச் சந்தித்து, மனம் திரும்ப உதவினார். 2002 ஆகஸ்டு மாதம், இறந்தவரின் தங்கையான சகோதரி செல்மி பவுல் சிறைக்குப் போய், சகோதரனுக்குக் கட்டும் ராக்கியை அவன் கையில் கட்டினார். 2006-ல் அவன் விடுதலையானதும், மன்னித்த அந்தக் குடும்பத்தார் தந்த ஒப்புதல் அதற்குத் துணைநின்றதனால்தான். மறு வருஷம் அவன் புல்லுவழிக்கே போனான். தாயார் எலீஸ்வா அவனுடைய கைகளைப் பிடித்து முத்தமிட்டார். எந்தக் கைகள்! 2017 நவம்பர் 4-ந் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டபோது, ஜனக்கூட்டத்தில் சமுந்தர் சிங்கும் இருந்தான்.

கொலைக்கும் ராக்கிக்கும் இடையே ஏழு வருஷம் சென்றது. மகளைப் பறிகொடுத்த தாய் ஒரே இரவில் மன்னித்துவிட்டாள் என்று எண்ணாதீர்கள். செபம் மனக்கசப்பை மாயமாய் மறையச் செய்யாது. ஒரு நாள் எழுந்து அந்த மனிதனிடம் போகிற பலத்தைத் தரும். செபித்தும் சமாதானமில்லை என்கிறவர்கள் பலர், இந்தப் போகிற வேலையையும் செபமே செய்துவிட வேண்டுமென்று காத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. மன்னிப்பு நியாயத்தை அழிப்பதில்லை. சமுந்தர் சிங் பதினோரு வருஷம் சிறையிலிருந்தான். ஆகையால், அண்டைக்காரன் நிலத்தில் ஒரு முழம் தள்ளி வரப்புப் போட்டவர், பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், தீர்ந்தது என்று இருக்கலாகாது. வரப்பு முதலில் பழைய இடத்துக்குப் போகட்டும். இழந்தவர் தம் பங்கைக் கேட்பதும் பாவமல்ல. அவன் குடும்பம் நாசமாகட்டும் என்று சபிப்பதுதான் பாவம்.

நாம் போயும் அவர் கதவைத் திறக்காவிட்டால்? அன்றிரவு செபமாலையில் ஒரு பத்து மணியை அவர் பேரைச் சொல்லி ஒப்புக்கொடுங்கள். அடுத்த மாதம் மறுபடியும் போங்கள். தனியாய்ப் போகக் கூச்சமாயிருந்தால் சொல்லியனுப்புங்கள். உங்களோடு நானும் வருகிறேன்.